பதிவில் ஏறாதது

பத்தொன்பது வருஷமாகச்
சாட்சிக் கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து தட்டுகிறேன்.
விசைகள் இருபத்திரண்டுதான்.
ஸ்பானிஷ் பேசும்போது மட்டும்
விரல்களுக்கு வேலையில்லை.
மொழிபெயர்ப்பவள் வாய் திறந்தால்
மறுபடி ஓடும்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு
மாட்டிறைச்சி ஆலை வந்த பிறகு
அந்தச் சும்மா இருக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.
அதற்குள் நான் மளிகைக் கணக்குப் போட்டிருக்கிறேன்,
நகம் பார்த்திருக்கிறேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
எவுலாலியா, எலும்பு நீக்கும் வரிசைக்காரி,
வக்கீல் கேட்டதை அப்படியே விட்டுவிட்டு
மேற்பார்வையாளன் பக்கம் திரும்பி
ஆறேழு சொல் சொன்னாள்.
அவன் முகம் வெளுத்தது.
பிறகு மொழிபெயர்ப்பு வந்தது, அடித்தேன்:
அன்று அவள் எங்கே நின்றாள் என்று அவனுக்குத் தெரியுமாம்.
யாரும் வெளுக்க வேண்டாத வாக்கியம்.

காபி இயந்திரத்தருகே மரிசேலா சொன்னாள்:
"ஒன்பது வருஷம் அவனை 'நீங்கள்' என்றிருக்கிறாள்.
இன்றைக்கு 'நீ' என்றாள்.
உங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
நான் எங்கே போவேன்?"
காசு போட்டாள். காபி வரவில்லை.
இயந்திரத்தை ஓர் உதை விட்டாள்.

அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.
தொலைபேசிச் செயலியில்
ஆமை பால் குடிக்கிறது; என் மாமாவிடம் ஆப்பிள் இருக்கிறது.
பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஆமைகூட
எங்கள் கூண்டில் ஏறியதில்லை.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழன் மாலை வகுப்பு.
பதினான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம்,
எல்லோரும் 'ஆனால்' என்று சொல்லப்போய்
'நாய்' என்கிறார்கள்.
நானும்.

சாலமான்காவின் கையேட்டில் மஞ்சள் கல் கட்டடங்கள்,
தூய உச்சரிப்புக்கு உத்தரவாதம்.
மரிசேலா சிரித்தாள்.
"போ, ராஜா சாட்சி சொல்ல வந்தால் உதவும்."

கெட்சால்தெனாங்கோ, குவாதமாலா:
மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஓர் ஆசிரியர்,
தினம் ஐந்து மணி நேரம்.
இரவில் யாரோ ஒரு குடும்பத்தின் அவரை.
மலை உயரம், என் முழங்கால்,
சேர்த்து வைத்த விடுப்பு இருபத்திரண்டு நாள்.
காசு என்னவோ ஆலங்கட்டி மழை பெயர்த்த கூரைக்கு
காப்பீட்டுக்காரன் தந்தது.
"ஐம்பத்து மூன்று வயதில் உனக்கெதற்கு?" என்கிறான் என் தம்பி லோவெல்.
வாளி வைத்துச் சமாளிப்பேன் என்றேன்.
அவன் கேட்டது அது இல்லை.

பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன்.
பக்கம் நான்கு, நானே தட்டியது:
தாய்மொழி? மாம்.
ஸ்பானிஷ் எங்கே கற்றீர்கள்? வேலையில்.
எந்த வயதில்? இருபது இருக்கும்.

அதைக் கடந்து கேட்க
அன்று யாருக்கும் தோன்றவில்லை.
அந்த 'நீ'யையும் அவள்
எங்கோ கூலிக்கு நின்றுதான் வாங்கியிருக்கிறாள்.

பள்ளியின் படிவம் கேட்டது:
உங்களுக்குத் தெரிந்த சொற்கள்?
எழுதினேன்: சத்தியம். கத்தி. இடது கை.
ஞாபகமில்லை. ஞாபகமில்லை. இரவு ஷிஃப்ட்.
அவன்தான்.
ரொட்டிக்கு என்ன சொல்வார்கள், தெரியாது.

நேற்று சோதனை அழைப்பு.
ஆசிரியர் பெயர் அபெலினோ,
பின்னால் ஒரு சேவல், பேருந்தின் ஹாரன்.
அவருக்கும் அது இரண்டாம் மொழியாம்,
மெதுவாகத்தான் பேசினார்.
முதல் கேள்வியே,
ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுவது?
இங்கே மூன்று வழி உண்டு என்றார்.

விரல்கள் மேஜையில் தாமாக அசைந்தன,
தட்ட எதுவும் இல்லாமல்.

'நீங்கள்' என்றேன், இப்போதைக்கு.
பிப்ரவரி ஆறாம் தேதி வருகிறேன்.
மூன்றாவதையும் சொல்லித் தாருங்கள்.