பதினோரு நொடி

ஒலிபரப்புப் பதிவேட்டில்
மௌனத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
நேரம், நீளம், காரணம்.
அன்றைக்கு அதில் நான் எழுதியது:
மாலை ஐந்து இருபத்திரண்டு. பதினோரு நொடி.
ஒலிவாங்கிக் கம்பியில் பழுது.

கம்பி நன்றாகத்தான் இருந்தது.
அதன் முனையில் ஞானாதிக்கம் இருந்தார்,
கன்னத்தில் ஒரு துண்டு சுக்கை அடக்கிக்கொண்டு.

பாளையங்கோட்டை மைதானத்தை
இடம், வலம் என்று அவர் பிரிக்கமாட்டார்.
ஒரு கோல் ஜெயில் பக்கம்,
மறு கோல் பஸ் ஸ்டாண்டு பக்கம்.
'பந்து இப்ப ஜெயிலப் பாத்துப் போவுது,
ரகுமத்து தனியாத்தான் கொண்டு போறான்,
கூட ஒருத்தனும் ஓடலியே,
என்னல பாத்துக்கிட்டு நிக்கே?'
இது வர்ணனையா வசவா என்று
நிலையத்தில் இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள்.
மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் வீடுகளில்
அந்தக் குரலுக்கு இலை வெட்டும் கத்தரி நிற்கும்.

அதற்கு முன் பதினாறு வருஷம் கோச்.
விடியுமுன் கொக்கிரகுளத்து மணலில்
பையன்களைப் பின்பக்கமாக ஓடவிட்டவர்.
மணல் லாரியேறிப் போனபிறகு
தார் ரோட்டில் ஓடவிட்டார்.
முட்டி போயிற்று, முதலில் அவருக்கு.
விசில் வாங்கத் தந்த பணத்தில்
இரண்டு பேருக்கு இட்லி வாங்கிவிட்டதால்
கடைசிவரை விரலை மடித்தே ஊதினார்.

அதற்கும் முன்னால்
விக்கிரமசிங்கபுரத்து மில் டீமில் ஸ்டாப்பர் பேக்,
ஐந்தாம் நம்பர்.
தலையால் முட்டுகிற திறமைக்கு
எடைபோடும் பிரிவில் வேலை.
எழுபத்தெட்டில் இறுதி ஆட்டம். மழை.
மேற்கே மலை இருந்த சுவடே இல்லை.
கடைசி நிமிஷம் ஒரு கார்னர்,
ஆளுயரத்துக்கு எழும்பி முட்டினார்.
சுத்தமான முட்டு,
தன் கோலுக்குள்.
சேம் சைடு.

திங்கட்கிழமை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
தராசுத் தட்டில் மட்டும்
யாரோ அந்தப் பந்தை வைத்திருந்தார்கள், ஈரத்தோடு.
எடைபோட்டு,
பதிவேட்டில் குறித்துவிட்டுத்தான்
அடுத்த பொதிக்குப் போனாராம்.

இதெல்லாம் அவர் சொன்னதில்லை.
என் அப்பா அன்று எதிரணிக் கோலி.
ஜெயித்தவர்களுக்குத் தந்த சின்னக் கோப்பை
எங்கள் வீட்டு பீரோமேல் இருக்கிறது,
அம்மா அதில் பொத்தான் போட்டுவைப்பாள்.

ஐந்து இருபத்திரண்டுக்கு வருகிறேன்.
சமாதானபுரத்துப் பையன், பதினேழு வயசு,
பெயர் தெரியும், எழுதமாட்டேன்,
ஜெயில் பக்கக் கோலுக்குக் காவல் நின்றவன்,
கார்னருக்கு எழும்பினான்.
கூட்டம் போட்ட கூச்சலில் எங்கள் மேசை ஆடியது.
ஞானாதிக்கம் வாயைத் திறந்தார்,
உள்ளே சுக்கு தெரிந்தது,
மூடிக்கொண்டார்.

மூன்று நொடிக்குமேல் போனால்
நான் இசைத்தட்டைத் தட்டிவிட வேண்டும். விதி அது.
விசைமேல் விரல் இருந்தது.
இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவரே வந்தார்:
'ஒண்ணுக்கு ஒண்ணு. நேரம் கெடக்கு.'

அந்த வாரம் மூன்று புகார்க் கடிதங்கள்.
நான்காவது ஒரு அட்டை, சிறை முத்திரையுடன்.
'ஐயா, ரேடியோ ஊமையானபோது
சுவருக்கு வெளியே சத்தம் எங்களுக்கே கேட்டது.
கோல் என்று தெரியும். போட்டது யார்?
இங்கே நாற்பது பீடி பந்தயம்
தீராமல் கிடக்கிறது.'

இரண்டு தடவை வாசித்தார்.
'பதில் எழுதும் வே.
போட்டது ஸ்டாப்பர் பேக், அஞ்சாம் நம்பரு.
பேரு ஞானாதிக்கம்.'

'சார், அது வேற மேட்ச்சு.'

'கோலு அதேதான்.'

எழுதி, தபால்தலையை நானே வாங்கி ஒட்டினேன்.
பீடி யாருக்குப் போயிற்றோ.
பதிவேட்டைப் பார்த்துப் பழுதுநீக்க ஆள் வந்தார்.
நல்ல கம்பியை அரைமணி நேரம்
பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு,
சரிசெய்யப்பட்டது என்று
கையெழுத்துப் போட்டுப் போனார்.