காலி எடை

வேலந்தாவளம் எடைமேடையில்
பத்தொன்பது வருஷம் சீட்டு எழுதியவள் நான்.
ஏற்றிய எடை, காலி எடை, சரக்கு எடை.
மூன்று வரி, ஒரு கையெழுத்து.
அந்தக் கைதான் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
தேங்காய் லாரிக்கு நடுவில் பேனாவை விட்டது.
குனிந்து எடுக்கப் போனேன்.
எடுக்க வேண்டிய கை என்னோடு வரவில்லை.

சித்தூர்ச் சாலையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால்,
தகரக் கூரை போட்ட குளம்.
படித்துறை இல்லை, பாசி இல்லை.
சரிவுப் பாதை, இருபுறமும் எவர்சில்வர் கம்பி,
முப்பத்திமூன்று டிகிரி என்று சிவப்பில் ஒரு பெட்டி.
எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

"வெள்ளத்தில் இறங்கு சேச்சி" என்றாள் ஜிஸ்மி.
எங்கள் வீட்டில் வெள்ளம் என்றால்
ஆடு மாட்டை அடித்துப் போவது.
எல்லையில் பிறந்தவளுக்கு இரண்டு பொருளும் தெரியும்,
ஆனாலும் சீக்காளியின் காதுக்கு
முதலில் எட்டுவது தாய்மொழிதான்.
கம்பியைப் பிடித்திருந்த இடது கையை
ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள்.

கணுக்கால் வரை ஒன்றுமில்லை.
இடுப்பு நனைந்தபோது பாதி ஆள் குறைந்தேன்.
நெஞ்சு வரை வந்ததும் சொன்னாள்,
இப்போது உங்களில் மூன்றில் ஒரு பங்குதான் தரையில்.
மீதியை யார் இறக்கினது? சீட்டு எங்கே?
சிரித்தேன். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது.
தண்ணீரில் முகம் ஆடிக்கொண்டே இருந்ததால்
கோணல் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முன்னே பத்து, பின்னே பத்து,
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் பத்து.
வீட்டுச் சிமெண்டுத் தரையில் தேய்ந்து தேய்ந்து
நுனித்தோல் உரிந்த வலது கால்
இங்கே கயிறு கட்டி இழுக்கும் பழுதான வண்டி போல
சத்தமில்லாமல் பின்னால் வருகிறது.
நுரைப்பலகையை உள்ளங்கையால் அழுத்தச் சொல்வாள்.
அழுத்தினால் அது திருப்பி அழுத்தும்.
ஐந்து மாதத்தில் என் வலது கையோடு
வாக்குவாதம் செய்த முதல் பொருள் அது.
மற்றவர்கள் எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள்.

பக்கத்தில் வறீதேட்டன்.
கொழிஞ்சாம்பாறையில் கோழித்தீவனக் கடை.
பேச்சு முழுக்கப் போய் ஒரே சொல் மிச்சம்: மதி.
அவர்கள் பாஷையில் போதும் என்று பொருள்.
சோறு போட்டாலும் மதி, பசித்தாலும் மதி,
துபாயிலிருந்து மகள் கூப்பிட்டால் மதி மதி மதி.
ஒரு நாள் கழுத்தளவுத் தண்ணீரில்
மிதவைப் பட்டையோடு நின்றுகொண்டு
கூரை ஓட்டை வழியே வட்டமாக விழுந்த வெளிச்சத்தைக்
காட்டி மதி என்றார்.
பகல் பதினொரு மணி. அது சூரியன்.
நான் திருத்தவில்லை.

ஏறுவதுதான் கஷ்டம், அதை யாரும் சொல்வதில்லை.
சரிவில் அடிக்கு அடி
கிலோ கிலோவாகத் திரும்ப ஏற்றுகிறார்கள்.
இடுப்பு, தொடை, முழங்கால்,
ஈரத்துணியின் கனம் வேறு.
நாற்காலியில் விழும்போது முழு லோடு.
முதல் வாரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.
ஜிஸ்மி துண்டைக் கொடுத்துவிட்டு
அடுத்த ஆளுக்கு பிரஷர் பார்க்கப் போய்விட்டாள்.
அது நல்லதாகப் போயிற்று.

நேற்று ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.
வீட்டுக்காரர் வேண்டாம் என்றார்.
எடைமேடையின் நடுவில் போய் நின்றேன்.
என் நாற்காலியில் இருக்கும் பையன் கண்ணாடிக்குள்ளிருந்து
அறுபது என்று விரலால் காட்டினான்.
பத்துக் கிலோவுக்குக் கீழே அந்த மெஷினுக்குக் கணக்கில்லை.
இடது எவ்வளவு, வலது எவ்வளவு,
அதையும் அது பிரிக்காது.

பின்னால் பொள்ளாச்சி வண்டி ஹாரன் அடித்தது.
முன்பென்றால் நாலு எட்டில் இறங்கியிருப்பேன்.
பதினொன்று ஆனது.
பாதி வழியில் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.
சீட்டு வேண்டுமா அக்கா என்றான் பையன்.
எழுது, காலி எடை என்றேன்.
கையெழுத்தை மட்டும் நானே போட்டேன்,
பேனாவை வலது கையில் வைத்து
இடது கையால் மூடிப் பிடித்துக்கொண்டு.