நாற்பத்தொன்றாம் அறை

கப்பலூர் குடோனில்
பத்துக்குப் பத்தில் ஓர் அறை.
மூன்று மாத வாடகை முன்பணம்.
அரிசி கூடாது, சிலிண்டர் கூடாது,
உயிருள்ளது எதுவும் கூடாது என்று
வாசித்துக் காட்டினார் ஞானதுரை.
"ஊறுகாய்?" என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
"நான் பாக்கல" என்றார்.

செல்லூரில் எங்கள் வீட்டுக்கு அடியில்
இப்போது இருநூற்றுப் பத்து ஜாக்கி.
ஒவ்வொரு தார் பூச்சிலும்
ஒரு படியை விழுங்கியது தெரு.
போன ஐப்பசியில் கண்மாய்த் தண்ணீர்
கேட்காமல் வந்து
கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது.
இனி மூன்றடி உயரம்.

கிரைண்டர் சுவரோரம். மெத்தை நிமிர்ந்து.
மிக்ஸி ஜாடிக்குள் கொலுசும்
எதைத் திறப்பதென்று மறந்துபோன சாவிகளும்.
'சாமி' என்று மார்க்கரில் எழுதிய பெட்டிமேல்
'செருப்பு' பெட்டியை ஏற்றினார் என் வீட்டுக்காரர்.
கத்தி இறக்கவைத்தேன்.
முதலில் வேண்டியதைக்
கடைசியில் வைக்கவேண்டுமாம்.
ரேஷன் கார்டு பீரோவில்,
பீரோ கட்டிலுக்குப் பின்னால்,
கட்டிலுக்கு முன்னால் எல்லாமும்.

ஷட்டர் பாதி இறங்குகையில் தாரணி:
"என் கோட்டை எடுத்து வச்சீங்களா?"
"மழைக்கோட்டா?" என்றார் இவர்.
"இல்லப்பா, வாசக்கதவுல இருக்கே."

நிலையில் பென்சில் கோடுகள்,
வகுப்புக்கு ஒன்றாய் அவள் உயரம்.

நேற்று போய்ப் பார்த்தோம்.
ஒன்றரை அடி ஏற்றியிருந்தார்கள்.
தெருவில் நின்றபடி
நிலையோடு ஒட்டி அளந்தாள்.
ஒன்றாம் வகுப்புக் கோடு
அவள் நெற்றிக்கு வந்திருந்தது.
"நாளைக்கும் தூக்குவாங்களா?" என்று
குதிகாலை உயர்த்திக்கொண்டாள்.