இடது பக்கக் கதவு

செவ்வாயும் வெள்ளியும்.
கொழிஞ்சாம்பாறையில் ஐந்தரைக்கு எடுத்தால்
எட்டுக்குள் கோயம்புத்தூரில் சீட்டுப் போட்டுவிடலாம்.
வழியில் மூன்று வீடு, சில வாரம் நாலு.
வாசலில் ஹாரன் அடிக்க மாட்டேன்.
பக்கத்து வீட்டுக்குத் தெரியவேண்டாம் என்று
முதல் மாதமே ஒருத்தி கேட்டுக்கொண்டாள்.

ஜீப்பில் எப்போதும் இருப்பவை:
வாந்திக்குப் பை, கொதித்து ஆறின தண்ணி,
உறை போட்ட ஒரு தலையணை.
உறையை ரெஜினா துவைத்துத் தருகிறாள்.
ஜீப்பில் மட்டும் ஏறமாட்டாள்.

சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டு,
ரத்தம் கொடுப்பவர்களின் நம்பர்.
ஆறுச்சாமி, ஓ நெகட்டிவ், அத்திக்கோடு.
தென்னை ஏறுகிறவர்.
கள்ளுக் குடிப்பீங்களா என்று நர்ஸ் கேட்டதற்கு
"எறக்குறதோட சரிங்க" என்றார்.
ஒன்றரை மணி நேரம் ஊசியோடு படுத்திருந்து
எழுந்ததும் பையைப் பார்த்துத் திடுக்கிட்டார்:
"செவப்பா இல்லீங்களே,
எளநியில மஞ்சக் கரைச்சாப்ல இருக்குது.
இது புள்ளைக்கு ஆகுமா?"
பிளேட்லெட் அப்படித்தான் இருக்கும் என்றேன்.
வீடு வரும்வரை அவர் நம்பவில்லை.

வேலந்தாவளம் செக்போஸ்ட்.
எங்கள் இன்சூரன்ஸ் கார்டு
இந்தக் குறுக்குக் கம்பியோடு முடிகிறது.
அந்தப் பக்கம் எல்லாம் ரொக்கம்.
மார்ட்டினா அங்கேதான் தொடங்குகிறாள்.
அவள் பேரில் கட்டிவந்த சீட்டுப் பணம்
நாற்பத்து மூவாயிரம், அதுதான் முதல்.
பிறகு பால் சொசைட்டிக்காரர்கள் லிட்டருக்கு ஒரு காசு விட்டுக்கொடுத்தார்கள்,
பிறகு பள்ளிவாசல் உண்டியல், பிறகு
பேர் சொல்லாத ஒருவர், மாதம் பிறந்தால் ஐந்நூறு.

அஸ்கருக்கு ஆறு வயது.
ஆஸ்பத்திரிக்கே வருஷம் போய்விட்டதால்
இன்னும் பள்ளிக்கூடம் பார்க்கவில்லை.
தமிழ் எழுத்து மட்டும்
பஸ் போர்டையும் மருந்து டப்பாவையும் காட்டி
ஜுலைகா சொல்லிக்கொடுத்திருந்தாள்.
ஆவணிக் காற்றில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று
வெள்ளைப் பெயிண்டைத் தடவித் தடவிப் படித்தான்:
மார்ட்...டினா. நி...னை...வு... நிதி.

எலப்புள்ளி தாண்டும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, மார்ட்டினா யாரு?"
என் பொண்ணு.
"அவளுக்கும் இதுவா?"
ஜுலைகாவின் கை அவன் மாஸ்க்கின் மேல் போனது.
தேவையில்லாத இடத்தில் கியர் மாற்றினேன்.
ஆமா என்றேன்.
பொய் சொல்லத் தெரியாமல் இல்லை.
இன்னும் முப்பது கிலோமீட்டர் இருந்தது,
ஒரு பொய்க்கு அது ரொம்பத் தூரம்.

"இங்கதான் உக்காந்தாளா? ஜன்னல்கிட்டயா?"
நடுவில்.
காற்று ஆகாது என்று
நான்தான் நடுவில் உட்காரவைத்தேன்.
பதினொரு மாதம், இதே ஜீப்பில்,
என் முழங்கையையும் அம்மாவின் தோளையும்
மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அஸ்கர் நகர்ந்து ஜன்னலோரம் போனான்.
ஜுலைகா என்னைப் பார்த்தாள்.
நான் வண்டியை நிறுத்தி இறங்கிச் சுற்றிப்போய்
கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பெயிண்டர் வேலாயுதனிடம் விட்டேன்.
நினைவை அழி, நிதியையும் அழி,
பேர் மட்டும் இருக்கட்டும்.
"பணம் தர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"
ரசீதில் இருக்கிறது என்றேன்.
பச்சை சரியாகச் சேரவில்லை,
அந்த இடம் மட்டும் கொஞ்சம் புதுசாகத் தெரிகிறது.
இப்போது பார்ப்பவர்கள்
ஜீப்புக்குத்தான் அந்தப் பேர் என்று நினைக்கிறார்கள்.
நினைக்கட்டும்.

வலது பக்கக் கதவை அன்றைக்கு விட்டுவிட்டோம்.
அங்கே எல்லாம் மலையாளத்தில், ஸ்மாரகம் என்று முழுசாக.
அந்தப் பக்கம் நான் ஏறுகிற பக்கம்.
அஸ்கருக்கு மலையாளம் படிக்க வராது.

நேற்று டாக்டர் சொன்னார்,
கவுண்ட் இப்படியே நின்றால்
ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமாம்.
வேலாயுதனுக்குப் போன் போட்டேன்.
மே கடைசிக்குள் அந்தக் கதவையும் அடித்துவிட வேண்டும்.