கப்பல் நின்ற வருசம்

ஹட்டனில் அடகுக் கடைக்கும்
மருந்துக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலம் எங்கள் ரெக்கோடிங் பார்.
எண்பத்தொன்பது டிசம்பர் கடைசி நாள்,
பிற்பகல் மூன்றுக்கே கரன்ட் போனது.
யாருடைய கசெட்டோ
பாதிப் பாட்டில் வாயைத் திறந்தபடி நின்றது.

வேலையற்ற கைகளுக்கு
நிஜாம்தீன் முதலாளி ஒரு கேள்வி கொடுத்தார்:
இந்தப் பத்து வருசத்தில்
இசைத்தட்டுகளுக்கு நல்ல வருசம் எது?

“எண்பத்தொன்று. பேச்சே வேண்டாம்” என்றான்
ரயில் பாதை பார்க்கும் குணபால.
அவன் சொல்லும் தட்டில் பத்துப் பாட்டு.
ஒன்பதை அவன் கேட்டதேயில்லை.
பத்தாவது போதுமாம்.

சேவியர் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.
“ஒரு பாட்டை வைத்து வருசத்தை நிறுப்பதா?
இரண்டாம் பக்கத்தை எண்ணு.
ஊசியைத் தூக்காமல் கேட்க முடிந்த
இரண்டாம் பக்கம் எத்தனை?”
எண்ணிப் பார்த்து எண்பத்தாறு என்றார்.
சட்டைப் பையில் சோக்கட்டி இருந்தது,
மேசையிலேயே கோடு போட்டார்.

கசெட் அட்டையில் பெயர் எழுதுபவள் நான்.
குறிப்புக் கொப்பியை எடுத்து வைத்தேன்.
எந்த வருசத்தை எண்ணுவது?
தட்டில் அச்சடித்ததையா,
ராமேஸ்வரத்தில் காத்துக் கிடந்து
தலைமன்னாரில் இறங்கி
யாரோ ஒருவரின் சேலை மடிப்புக்குள்
ரயிலேறி எங்களிடம் வந்ததையா?
எழுபத்தெட்டின் தட்டு
எண்பத்திரண்டில் இங்கே புத்தம் புதுசு.
ஒப்பந்தத்தில் போனவர்கள் போனதும்
அதே கப்பலில்தான்.
ஆளுக்கு எத்தனை தட்டு என்று
நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.

எண்பத்துமூன்று
ஜூலை இருபத்துமூன்றோடு நிற்கிறது.
அடுத்த பக்கம் நவம்பர்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
குணபாலதான் தாளைத் திருப்பினான்.

“எண்பத்துநாலை வெட்டிவிடு” என்றார் முதலாளி.
“கப்பல் நின்ற வருசம்.
வந்ததே பதினொரு தட்டு.
அதிலும் இரண்டு கீறல்.”

“எனக்கு அந்த வருசம்தான்.”

சிக்கிய நாடாவோடு வந்து
ஒரு மணி நேரமாய் வாசலில் நின்ற அன்னக்கொடி.
டிக்கோயாப் பக்கத் தோட்டம்.
கொழுந்துக் கறை நகத்தில்.

“அந்த வருசம் என்னம்மா வந்தது?”

“பாட்டு என்னா வந்துச்சின்னு தெரியாதுங்க.
ஆம்பளைக்கும் பொம்பளைக்கும்
ஒரே சம்பளம் வந்துச்சி.
அதுவரைக்கும் பொட்டி அவரு பொட்டி,
பேட்டரி அவரு சல்லி.
நான் ரொட்டி சுட்டுக்கிட்டே
அவரு கேக்குறதக் கேட்டேன்.
அந்த மாசம் நாலு பேட்டரி வாங்கினேன்.
தீந்து போனா வெயில்ல வச்சேன்,
அடுப்போரம் வச்சேன்.
ஒரே கசெட்டு.
ராவைக்கு லயமே திட்டும்.
நிப்பாட்டலயே.”

மாஸ்டர் கோடு போடக் கை எடுத்து
எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தார்.
முதலாளி கேட்டார், “எந்தக் கசெட்?”

என் கையைக் காட்டினாள்.
பென்சில் செருகிச் சுற்றிக்கொண்டிருந்தேனே, அது.
அட்டையில் என் கையெழுத்துத்தான்;
‘ழ’வின் வால் மட்டும் மிச்சம்.
நாடா ஓரிடத்தில் கண்ணாடியாய்த் தேய்ந்து
அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

ஐந்தரைக்குக் கரன்ட் வந்தது.
நின்ற பாட்டு ஒரு எருமைக் குரலில் எழுந்து,
உறுமி, இழுத்து,
மெல்ல மெல்ல ஒரு பெண்ணாயிற்று.

“எவ்வளவுங்க?”
“ஒட்டுப் போட்டது மூன்று ரூபா.”

முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே
அன்னக்கொடி சொன்னாள்:
“எம்பத்திநாலுல ஒன்றரைதானே.”