கான் வெட்டு

இரவெல்லாம் அடுப்போரம் இருந்தது
அந்தச் சின்னப் போத்தல்.
குளிரில் வைத்தால் உண்மை சொல்லாதாம்,
சூடு வேணும் என்றிருந்தார்
லிந்துலையிலிருந்து வந்த சுகாதாரப் பரிசோதகர்.
தவமலர் அதைத் துவாயால் சுற்றிவைத்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

விடியப் பார்த்தோம்.
ஊத்துத் தண்ணி கறுத்திருந்தது.
சாயம் கூடிய தேத்தண்ணிக் கறுப்பில்லை,
கரிக் கறுப்பு.

மேட்டு லயத்தில் இருபத்திரண்டு காம்பிரா.
எல்லோருக்கும் ஒரே பீலி.
கண்ணாடி மாதிரித் தண்ணி என்று
வந்த சொந்தத்துக்கெல்லாம்
அள்ளிக் காட்டிய பீலி.

பரிசோதகர் மலையேறினார்.
மழைத்தண்ணி அரித்த தடத்திலேயே
காலை வைத்து வைத்துப் போனார்.
தடம் ரோட்டில் தொடங்கவில்லை,
மாட்டுப்பட்டியிலும் தொடங்கவில்லை.
என் லீக்ஸ் பாத்தியில் போய் நின்றது.

கோழி எரு பதினாறு மூடை,
கடனுக்கு வாங்கிக் கொட்டியவன் நான்.
மூன்றாம் நாள் அடைமழை.
எரு முழுக்கப் போச்சே என்று
மழையை ஏசினேன் அன்றைக்கு.
எங்கே போச்சு என்று கேட்கவில்லை.
செபஸ்தியின் இரட்டைப் பிள்ளைகள்
ஒரே கட்டிலில் சேலைன் ஏறக் கிடந்தார்களே,
அங்கே போயிருக்கிறது.

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.
மருதாயி மட்டும்
"ஒங்க லீக்ஸு நல்லாத்தான் வளந்திருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை
முள்ளும் மண்வெட்டியுமாக ஏறினோம்.
ஊத்துக்கு மேலே பிறைபோல ஒரு கான்.
மேல்தண்ணி உள்ளே இறங்காமல்
திரும்பிப் போகவேண்டும்.
கயிறு பிடித்தார்கள்.
கயிறு என் நாலு பாத்தியைக் கடந்து போனது.
பிடுங்க இன்னும் ஐந்து கிழமை.
கொஞ்சம் வளைத்துப் பிடிக்கலாமா என்று கேட்க
வாயெடுத்தேன்.
முதல் வெட்டை நானே வெட்டினேன்.
வீரமெல்லாம் இல்லை.
வேறு ஒருவர் வெட்டினால்
பார்த்துக்கொண்டு நிற்க முடியாது,
அவ்வளவுதான்.

அன்று சாயந்தரமே மழை.
சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.
செம்மண் தண்ணி சீறி வந்தது,
கான் வாயில் தயங்கியது,
திரும்பியது.
ஊத்து அதன்பாட்டில் கசிந்துகொண்டிருந்தது.
தனியாக நின்று கைதட்டினேன்.

பிறகுதான்
திரும்பிய தண்ணியின் பின்னால் இறங்கினேன்.
தேயிலைக்குள் நுழைந்து,
கல் இடுக்கில் ஒளிந்து,
ரோட்டு மதகுக்குள் புகுந்து
வெளியே வந்தது.
அதற்கு நேர் கீழே
பணிய லயத்துப் பீலி.

கான் முனையில் ஒரு குழி வேணும்,
குழிக்குக் கீழே மூன்று வரிசை மானாப்புல்,
எரு மூடைக்கு மேலே படங்கு.
இன்னும் எத்தனை ஞாயிறோ.

பீலியில் கேனை வைத்துவிட்டு
ஒரு பெண் காத்து நின்றாள்.
"அக்கா, அந்தத் தண்ணி வேணாம்,
கேன எடுங்க!"
இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன்.

மழை இரைச்சல்.
யாரோ தெரிந்தவர் என்று
அவளும் கையாட்டினாள்.