மைனஸ் இருபத்திரண்டு

தம்மாம். ஆகஸ்ட். வெளியே நாற்பத்தேழு.
உள்ளே பிரேசில் கோழிகளுக்கு
மைனஸ் இருபத்திரண்டு வேண்டுமாம்.
இரண்டுக்கும் நடுவே
ஒரு சாண்கூட இல்லை:
தகரம், நுரை, தகரம்.

ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.
பனிதான் காட்டிக்கொடுக்கும்.
உள்மூலையில் வெள்ளையாய் அரும்பு கட்டினால்
அங்கே காற்று நுழைகிறது.
நோய் உள்ளே, மருந்து வெளியே.
சிலிக்கான் அந்தக் குளிரில் ஒட்டாது.

லோகேந்திரா உள்ளே நின்று தட்டுவான்.
நான் வெளியே,
காதை வைத்தால் வெந்துவிடும்,
கையுறையைத் தகரத்தில் பதித்து
அதிர்வு வந்த இடத்தில்
சாக்பீஸால் வட்டமிடுவேன்.
பாதித் தட்டலை நுரை தின்றுவிடும்.

நேற்று தட்டவே இல்லை.
ஓடிப்போய்க் கதவை இழுத்தேன்.
பெட்டிகளுக்கு நடுவே நின்று
வாயால் ஊதி ஊதி
தன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"தையில் எங்கள் வீட்டுக்குள் இப்படித்தான்,
அடுப்புப் பக்கத்திலேயே" என்றான்.
ஜும்லா. நேபாளத்தில் எங்கோ மேலே.
"ஒரு அறைக்கு எத்தனை பேனல் ஆகும், பீர்க்கண்ணு?"

கதவு திறந்திருக்கிறதென்று மணி அலறுகிறது.
கோழிகளின் குளிர்
என் காலடியில் புகையாய் ஓடுகிறது.
நான் விரல்விட்டு எண்ணுகிறேன்:
நாலு சுவர், மேலே கூரை,
விலையைச் சொல்லவில்லை,
லாரி ஏறாத மலையைப் பற்றியும் கேட்கவில்லை.
"சன்னல் இல்லாவிட்டால் பதினெட்டு."

"சன்னல் வேண்டும்.
இல்லாவிட்டால் அவள் சண்டைக்கு வருவாள்."

"அப்படியானால் பதினேழரை."

தலையாட்டிவிட்டு
சுத்தியலை எடுத்தான்.
கதவைச் சாத்திவிட்டு வெயிலுக்கு வந்தேன்.
தட்டினான்.
இந்த முறை கொஞ்சம் பலமாக.